வாத்தியார் படிக்காத பக்கம்

ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டதால், மறுபடி முளைக்கும்வரை சிரிப்பதில்லை என்று சபதம் போட்டிருக்கிறாள். அத்தானுக்கு இருமல் விட்டதா? உன் கண் எரிச்சல் எப்படி இருக்கிறது?

வாரத்துக்கு ஒரு தடவை போனில் பேசுகிறவன் எதற்குக் காகிதத்தை வீணாக்குகிறான் என்று நினைப்பாய். எங்கள் பள்ளியில் விண்வெளி மன்றம் ஒன்று தொடங்கியிருக்கிறோம். அறிவியல் வாத்தியார் என்பதால் பொறுப்பு என் தலையில். விமானம், ராக்கெட், செயற்கைக்கோள் என்று இந்தத் துறையில் என்னென்ன படிக்கலாம், என்னென்ன வேலைக்குப் போகலாம் என்று பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். தொடக்க நாளன்று தலைமையாசிரியர் பக்கத்தில் நின்றார். என் வாய் சும்மா இருக்குமா? "எங்க அக்காவே ராக்கெட் விஞ்ஞானிதான்" என்று சொல்லிவிட்டேன். கைதட்டல் ஓய நேரமாயிற்று.

இனி மானத்தைக் காப்பாற்றுவது உன் பொறுப்பு. உன் வேலையைப் பற்றி அவ்வப்போது ஒரு கடிதம் எழுதிப் போடு, வகுப்பில் படித்துக் காட்டுகிறேன். போனை ஒலிபெருக்கியில் போடலாம்தான். ஆனால் நீ அத்தானை அதட்டுவதும் சேர்ந்து கேட்கும்.

உன் பதிலை எதிர்பார்க்கும்
தம்பி

*

ஜூலை 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அத்தானுக்கு இருமல் போய்விட்டது. இருமலைப் பற்றிய பேச்சுதான் இன்னும் போகவில்லை. என் கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். பல் இல்லாத சிரிப்புக்குத்தான் கிராக்கி என்று சின்னவளிடம் சொல்.

ராக்கெட் விஞ்ஞானி என்று ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டாய். நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இங்கே தையல் வேலை.

பயப்படாதே, வாங்கிய பொறியியல் பட்டத்தை விற்றுவிடவில்லை. செயற்கைக்கோள் மேலே சுற்றும்போது வெயில் பட்ட பக்கம் கொதிக்கும், நிழல் பக்கம் உறைந்துபோகும். உள்ளே இருக்கும் கருவிகள் இரண்டையும் தாங்காது. அதனால் போர்வை போர்த்தி அனுப்புகிறோம். படங்களில் தங்கக் காகிதம் சுற்றிய மாதிரி தெரிகிறதே, அதுதான். எந்த இடத்துக்கு எத்தனை அடுக்கு என்று காலையில் கணக்குப் போடுவேன். மத்தியானம் தலை முதல் கால்வரை வெள்ளை அங்கி மாட்டி, கையுறையோடு உட்கார்ந்து நானே வெட்டித் தைப்பேன். மெல்லிய தாள், அதன்மேல் வலைத்துணி, மறுபடி தாள். இழுத்துத் தைத்தால் அடுக்குகள் ஒன்றோடொன்று அழுந்தி, சூடு உள்ளே இறங்கிவிடும். கொஞ்சம் தளர விட வேண்டும். எவ்வளவு தளர்ச்சி என்பது கைக்குத்தான் தெரியும்.

இத்தனை வருடமாக எல்லோரிடமும் "வெப்பக் கட்டுப்பாட்டுப் பிரிவு" என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். என் கல்யாணப் பத்திரிகையிலும் அப்படித்தான் போட்டோம். அப்பாவின் தையல் கடையில் ஓரம் அடித்த பெண், பட்டம் வாங்கியும் ஓரம்தான் அடிக்கிறாள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற கூச்சம். இப்போது அந்தக் கூச்சமே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பிள்ளைகளிடம் உள்ளதை உள்ளபடி சொல்.

அன்புடன்
அக்கா

*

ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலம்தானே? எனக்குக் கழுத்துப் பிடிப்பு. இடது பக்கம் திரும்ப வேண்டுமானால் முழு ஆளும் திரும்ப வேண்டியிருக்கிறது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். வகுப்பே வாய் பிளந்து கேட்டது. கணினியில் நீ ராக்கெட்டின் பாதையைக் கணிக்கிற இடத்தில் ஒருத்தன் விசிலே அடித்துவிட்டான். தலைமையாசிரியர் கடிதத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னார். உன் கையெழுத்து சுமார் என்று சொல்லி, உறையை மட்டும் ஒட்டியிருக்கிறேன். உங்கள் நிறுவனத்தின் முத்திரையும் முகவரியும் பளிச்சென்று தெரிகின்றன. போகிற வருகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள்.

ஒரு பெண் இருக்கிறாள். எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பதால் அவளுக்குக் கேள்விக்குறி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு எழுந்து, "அங்க காத்தே இல்லன்னா வெயில் சூடு எப்படி சார் வரும்? வந்த சூடு எப்படி வெளிய போகும்?" என்றாள். நல்ல கேள்விதான். ஆனால் மேசைக்கு அடியில் பக்கத்துப் பெண்ணின் கிழிந்த பையைத் தைத்துக்கொண்டே கேட்டாள். ஊசியைப் பிடுங்கி என் இழுப்பறையில் போட்டுவிட்டேன்.

உன்
தம்பி

*

ஆகஸ்ட் 20

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே இருவரும் சுகம். கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. உயரமான தலையணையைத் தூக்கிப் போடு.

ராக்கெட்டின் பாதையா? அது வேறு கட்டடம், வேறு ஆட்கள். நான் அந்தப் பக்கம் டீ குடிக்கக்கூடப் போனதில்லை. நீ யாருடைய கடிதத்தைப் படித்தாய்?

அந்தப் பெண்ணின் கேள்வியைப் படித்ததும் எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். அவள் கேட்டதுதான் என் மொத்த வேலையும். அவளிடம் சொல்: சூடு வருவதற்குக் காற்று தேவையில்லை. வெளிச்சம் வருகிற மாதிரியே வரும், அதே மாதிரியே போகும். போர்வை பளபளப்பாக இருப்பது அழகுக்கு அல்ல, வருகிற சூட்டைத் திருப்பி அனுப்புவதற்கு. ஊசியையும் அவளிடம் திருப்பிக் கொடுத்துவிடு.

ஊசி என்றதும் நினைவுக்கு வருகிறது. போன வாரம் எங்கள் அறையில் ஒருத்தியின் ஊசி உடைந்தது. உடைந்த துண்டு போர்வைக்குள் இருந்து, அதுவும் மேலே போய்விட்டால் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? எங்கள் வழக்கம் என்னவென்றால், உடைத்தவர் உடனே கை தூக்க வேண்டும். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுத் தேடுவோம். கை தூக்கியவரை யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம். அவளும் தூக்கினாள், துண்டு கிடைத்தது. பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் படித்துக் காட்டு.

அப்பா கடையில் நீ சட்டைக்குப் பொத்தான் துளை கட்டி, காஜா எடுத்த கதையையும் சொல்லேன். சிரிப்பார்கள்.

அன்புடன்
அக்கா

*

அக்டோபர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

பரீட்சை, தாள் திருத்தல் என்று நாள் போய்விட்டது. கழுத்து தேவலை. அத்தானுக்கு என் அன்பு.

பிள்ளைகளுக்குப் புரிய வேண்டுமே என்று அங்கங்கே கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் படிக்கிறேன். வேறு ஒன்றும் இல்லை. அடுத்த கடிதத்தில் ராக்கெட் கிளம்பும் காட்சி, நெருப்பு, அதிர்வு என்று கொஞ்சம் எடுப்பாக எழுதக்கூடாதா?

காஜா கதை வேண்டாம். உன்னை அப்பா கடைக்குள்ளே உட்கார வைத்தார். நான் வாசலில், தெருவைப் பார்த்து உட்கார்ந்து காஜா எடுத்தேன். பள்ளிக்கூடம் முழுக்க என்னை "டேய் காஜா" என்றுதான் கூப்பிட்டது. வாத்தியாரே ஒருநாள் வருகைப் பதிவில் அப்படிக் கூப்பிட்டார். இந்த ஊரில் எனக்கு சார் என்று பெயர். அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

கேள்விக்குறிக்குக் கணக்கில் பாஸ் மார்க்குக்குக் கொஞ்சம் மேலே. இந்தத் துறை உனக்கு எட்டாதும்மா என்று பக்குவமாகச் சொல்லிவிட்டேன். ஆசை காட்டி மோசம் செய்யக் கூடாது பார்.

உன்
தம்பி

*

நவம்பர் 22

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீங்கள் எல்லோரும் நலம்தானே? குளிர் ஆரம்பித்துவிட்டது, சின்னவளுக்குக் காதை மூடிவிடு.

எடுப்பாக எழுத எனக்கு வராது. அதைவிட நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. எங்கள் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பவர்களைப் பயிற்சிக்கு எடுக்கிறார்கள். இரண்டு வருடப் பயிற்சி, பிறகு இங்கேயே வேலை, விருப்பம் இருந்தால் மேலே படிக்கவும் அனுப்புவார்கள். எழுத்துத் தேர்வு சின்னது. கைவேலைத் தேர்வுதான் பெரிது. விண்ணப்பம் போட ஜனவரி கடைசி. விவரத்தைப் பிள்ளைகளுக்காகத் தனிப் பக்கத்தில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன்.

போர்வை தைக்க மட்டும் அல்ல. ஒட்டுகிற பசை காற்றில்லாத இடத்தில் ஆவி விடுகிறதா என்று பார்க்க வேதியியல் படித்தவர்கள் வேண்டும். செய்து முடித்ததை மேசையில் வைத்துக் குலுக்கிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வேலையே உடைப்பதுதான். இதையெல்லாம் பிள்ளைகளுக்கு யார் சொல்கிறார்கள்? எல்லோரும் ராக்கெட்டின் மூக்கைத்தான் காட்டுகிறார்கள்.

கூட்டிக் குறைக்காமல் அப்படியே படி. அந்தக் கேள்விக்குறியிடம் தனியாகவும் சொல். அவளுக்குக் கணக்கை நாங்கள் சொல்லிக் கொடுத்துக்கொள்வோம். பாட நேரத்தில் பார்க்காமலே தைக்கிற கையை எங்கே போய்த் தேடுவது?

அன்புடன்
அக்கா

*

டிசம்பர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கண் இப்போது எப்படி இருக்கிறது? சொட்டு மருந்தை நிறுத்திவிடாதே. அத்தான் காலையில் நடக்கப் போகிறாரா? இந்தக் குளிரில் கம்பளியில்லாமல் விடாதே. சின்னவளுக்குப் பல் முளைத்துவிட்டது, சிரிக்கிறாள். எனக்குக் கழுத்து முழுக்கச் சரியாகிவிட்டது. வீட்டுக்கு வெள்ளையடித்தோம்.

கடிதம் கிடைத்தது. படித்துக் காட்டினேன்.

உன்
தம்பி

*

ஜூன் 9

மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என்னை உங்களுக்குத் தெரிந்திருக்காது. நான் உங்கள் தம்பி சாரிடம் படித்தவள். அறிவிப்புப் பலகையில் இருந்த உறையைப் பார்த்து உங்கள் முகவரியை எழுதி வைத்திருந்தேன்.

வருடம் முழுக்க உங்கள் கடிதங்களை சார் படித்துக் காட்டினார். அதற்கு நன்றி. ராக்கெட்டின் பாதையைக் கணிப்பது, கட்டுப்பாட்டு அறையில் உட்கார்வது எல்லாம் கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் அந்த வேலைக்கெல்லாம் கணக்கில் புலியாக இருக்க வேண்டும் என்று புரிந்தது. எனக்குக் கைவேலைதான் வரும். அதனால் பரீட்சை முடிந்ததும் சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கும் பிரிவில் சேர்ந்துவிட்டேன். என் தையல் இழுக்காமலும் தொங்காமலும் இருக்கிறது என்று சூப்பர்வைசர் சொல்கிறார். இதற்கும் வானத்துக்கும் சம்பந்தமில்லை என்றாலும் உங்களிடம் சொல்லத் தோன்றியது.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருக்கிறது. காற்றே இல்லாத இடத்தில் சூடு எப்படி வருகிறது, எப்படிப் போகிறது? சாரிடம் கேட்டேன், பிறகு சொல்கிறேன் என்றார். மறந்திருப்பார். இங்கே கேட்டால் பக்கத்து மிஷின் அக்காக்கள் சிரிக்கிறார்கள். நேரம் இருந்தால் ஒரு வரி எழுதுங்கள்.

தங்கள் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு
சாரின் மாணவி

*

ஜூன் 17

தம்பிக்கு,

நலம் விசாரிக்கக் கை வரவில்லை.

கேள்விக்குறி எனக்கு எழுதிய கடிதத்தை நகல் எடுத்து வைத்திருக்கிறேன். படித்துப் பார்.

வந்த விண்ணப்பங்களில் உங்கள் பள்ளிப் பெயரைத் தேடினேன். இல்லை. போனில் கேட்டதற்கு, "பசங்களுக்கு அதுல ஆர்வம் இல்லக்கா" என்றாய். நானும் நம்பினேன். என் கடிதத்தில் நீ எதைப் படித்தாய், எதை விழுங்கினாய் என்று இப்போது தெரிகிறது. தையல் என்ற சொல் வருகிற இடத்தையெல்லாம் தாண்டியிருக்கிறாய். கடைசியில் அந்தப் பெண் தையலுக்கே போய்விட்டாள். போகட்டும், அது கேவலமான வேலை இல்லை. ஆனால் தன் கைக்கு அதற்குமேல் தகுதி இல்லை என்று நினைத்துப் போயிருக்கிறாள். அதை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது நீ.

வெட்கமாக இருக்கிறது தம்பி. உன்னை நினைத்து மட்டும் இல்லை. நீ ஒரு வருடம் மறைத்ததை நான் எத்தனையோ வருடம் மறைத்தேன். தொடங்கி வைத்தவள் நான்.

போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். எழுது.

அக்கா

*

ஆகஸ்ட் 28

அக்காவுக்கு,

நீ நலமா என்று கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

எழுதி எழுதிக் கிழித்ததில் இத்தனை நாளாகிவிட்டது. எல்லாவற்றிலும் ஏதோ ஒரு சாக்கு எட்டிப் பார்த்தது. இதில் இல்லை. வகுப்பில் உன் முதல் கடிதத்தைப் பிரித்து, "எனக்கு இங்கே" என்றுவரை படித்துவிட்டேன். அடுத்த சொல் தையல். தலைமையாசிரியர் வாசலில் நின்றிருந்தார். வாய் தானாக ராக்கெட்டுக்குப் போய்விட்டது. ஒரு தடவை போன வாய் அப்புறம் திரும்பவில்லை. பயிற்சி விவரம் எழுதிய பக்கத்தைப் பாடப் புத்தகத்துக்குள் வைத்து வகுப்புக்குக் கொண்டுபோனேன், கொண்டுவந்தேன். ராக்கெட் ராக்கெட் என்றவன் முடிவில் கையில் ஊசியைக் கொடுத்தால் சிரிப்பார்களே என்று நினைத்தேன். ஜனவரி போய்விட்டது.

போன வாரம் அந்தக் கம்பெனி வாசலில் போய் நின்றேன். சாப்பாட்டு இடைவேளையில் வெளியே வந்தாள். தலையெல்லாம் பஞ்சு.

"சார், நீங்க எங்க இந்தப் பக்கம்?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவள் கேள்வி கேட்காமல் நின்று நான் பார்த்ததே இல்லை. தலையிலிருந்த பஞ்சைத் தட்டிவிட்டு, "அந்தப் பக்கம் இப்ப கையில இருக்கா சார்?" என்றாள். எடுத்தேன். "படிங்க."

ஆட்கள் போய் வந்துகொண்டிருந்த வாசலில் நின்று படித்தேன். "தையல் தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை" என்ற இடத்தில் என் குரல் இறங்கியது.

"சத்தமாப் படிங்க சார். மிஷின் சத்தத்துல காது மந்தமாயிடுச்சு."

சத்தமாகப் படித்தேன். முடித்ததும், அன்றைக்குப் பிடுங்கிய ஊசியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "துருப்பிடிச்சிருச்சு சார். இதுல தச்சா துணி கெட்டுப்போகும்" என்று என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இடைவேளை முடிகிற மணி அப்போது இன்னும் அடித்திருக்கவில்லை.

இந்த வருடப் பிள்ளைகளுக்கு மறுபடி எழுதுவாயா? ஒரு எழுத்து விடாமல் படிக்கிறேன்.

தம்பி

*

செப்டம்பர் 25

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். உன் கழுத்தைப் பார்த்துக்கொள்.

அவளுடைய சந்தேகத்துக்கு நானே பதில் எழுதிவிட்டேன். உடனே ஏழெட்டுக் கேள்வி அனுப்பியிருக்கிறாள். இரண்டுக்கு எனக்கே பதில் தெரியவில்லை, கேட்டுச் சொல்ல வேண்டும். இந்த வருடமும் ஆட்கள் எடுப்பார்கள். வயது வரம்பு அவளுக்கு இடிக்காது. இந்தத் தடவை கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. போன வருடம் ஆள் குறைவு, விண்ணப்பம் போட்டிருந்தால் கிடைத்திருக்கும். இந்த வருடம் கூட்டம் அதிகம் என்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு எழுதியதை இதோடு வைத்திருக்கிறேன். ஆனால் இதை நீ படிக்க வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. படிக்கிறவர் வாயை நம்பித்தானே கேட்கிறவர் உட்கார்ந்திருக்கிறார்? அவள் வரச் சம்மதித்தால் அவள் படிக்கட்டும். நீ உட்கார்ந்து கேள்.

அக்கா

*

டிசம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அத்தானையும் உன்னையும் சின்னவள் விசாரித்தாள்.

அவள் உடனே சம்மதிக்கவில்லை. இரண்டு தடவை கூப்பிட்டும் வரவில்லை. மூன்றாம் தடவை, கம்பெனி விடுமுறை நாளில் வந்தாள். என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று படித்தாள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். முட்டி இடித்தது. தலைமையாசிரியரும் வந்து சுவரோரமாக நின்றுகொண்டார்.

"எனக்கு இங்கே தையல் வேலை" என்று கடகடவென்று படித்துவிட்டுப் போனாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அதற்காக நான் ஒரு வருடம் பயந்திருக்கிறேன். ஊசி உடைந்தால் உடைத்தவர் கை தூக்க வேண்டும் என்று நீ எழுதிய இடம் வந்தது. அவள் நிறுத்தவும் இல்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. நான் கை தூக்கினேன்.

முன் பெஞ்சில் ஒருவன் திரும்பி, "என்ன சார், டவுட்டா?" என்றான். அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள். நான் கையை இறக்காமலே எழுந்து சொன்னேன். போன வருடம் என்ன செய்தேன், யாருக்குச் செய்தேன், ஏன் செய்தேன் என்று எல்லாவற்றையும். காஜாவையும் சொன்னேன். "காஜான்னா என்ன சார்?" என்றான் அதே பயல். என் சட்டைப் பொத்தானைக் கழற்றி, துளையைக் காட்டி, நூல் எப்படிச் சுற்றி வருகிறது என்று விளக்கினேன். தலைமையாசிரியர் வெளியே போனார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

போன வாரம் விண்ணப்பத்தோடு வீட்டுக்கு வந்தாள். பழைய ஆசிரியர் ஒருவரின் சான்றுக் கையெழுத்து வேண்டும் என்று அதில் இருக்கிறது. நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

"கையெழுத்து தலைமையாசிரியர்கிட்ட வாங்கிட்டேன் சார். முகவரி சரியா எழுதியிருக்கேனான்னு மட்டும் பாருங்க."

பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. உறையைப் பார்த்து எழுதி வைத்திருந்த பெண்ணுக்கு முகவரி தப்புமா? பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டேன். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு, படியில் இறங்கி, திரும்பி நின்றாள்.

"எழுத்துத் தேர்வுல கணக்கு வருதாமே. ஞாயித்துக்கிழமைல வந்தா சொல்லிக் குடுப்பீங்களா சார்?"

"வாம்மா" என்றேன். இந்த ஞாயிறு முதல் வருகிறாள்.

கண்ணைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு
உன் தம்பி காஜா